மூப்பர் கடிக்காத விரல்கள்

கோப்ஸ் லேண்டிங் ஊருக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே என்று. அடுத்துக் கேட்பது வெர்டெல் எங்கே என்று. இரண்டு கேள்விக்கும் ஊர்க்காரர்கள் ஒரே பக்கம்தான் கையை நீட்டுவார்கள். கழிப்பறை ஃபே டவுலிங்கின் சாப்பாட்டுக்கடைக்குப் பின்னால் இருந்தது. வெர்டெல் சிர்மன்ஸ் அதே கடைக்கு முன்னால், தாழ்வாரத்து ஆடும் நாற்காலியில் இருந்தான்.

அவன் மனைவி நெல்டா உள்ளே அடுப்படியில் கெளுத்தி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கேட்டு யாரும் வந்ததில்லை.

ஜார்ஜியாவின் தென்கோடியில் பைன் தோப்புகள் ஓய்ந்து சதுப்பு தொடங்கும் இடம் அது. நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து வரும் தார்ச்சாலை படகுத்துறை வரை வந்து, கறுத்த தண்ணீரைப் பார்த்து அங்கேயே நின்றுவிடும். வெளியூர்க்காரர்கள் தொப்பியும் தூரநோக்கியும் கொசு மருந்து வாடையுமாக வந்து இறங்கி, நாரையைக் கண்டால் மூச்சுவிட மறப்பார்கள். நீர்நாயைக் கண்டால் ஒருவரையொருவர் கட்டிப்பிடிப்பார்கள். ஒரு நாரைக்காக ஆயிரம் மைல் வருகிறவன் தன் வீட்டுக் கூரையில் உட்கார்ந்திருக்கும் காக்கையை ஒரு தரமாவது நிமிர்ந்து பார்த்திருப்பானா என்று நெல்டாவுக்குச் சந்தேகம். அதை அவள் வெளியே சொல்வதில்லை. அவர்கள் தின்றுவிட்டுப் போகிற மீனில்தான் அவள் பிழைப்பு ஓடியது.

அவர்கள் வெர்டெலிடம் கேட்க வருவது அவன் இடது கையின் கதையை. அந்தக் கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் கிடையாது. படகுத்துறைக்கு எதிரே மணல்மேட்டில் ஒரு கிழட்டு முதலை நாளெல்லாம் கிடக்கும். முன்வரிசையில் உட்கார்ந்து பிரசங்கம் முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டிருக்கும் சபை மூப்பரைப் போலவே இருந்ததால் அதற்கு மூப்பர் என்றே பெயர். அந்த மூப்பர்தான் வெர்டெலின் விரல்களைத் தின்றது என்பது உலகறிந்த விஷயம்.

உலகம் அறிந்தது அது. ஊர் அறிந்தது வேறு.

வெர்டெல் அப்போது ராய்ஸ் பீக்ளரின் மளிகைக்கடையில் இறைச்சிப் பிரிவில் வேலை பார்த்தான். ஈஸ்டருக்கு முந்தின வாரம், பன்றித்தொடை வாங்கக் கூட்டம் வாசல்வரை நின்றது. இறைச்சி சீவும் இயந்திரத்தின் காப்புத் தகடு மாதக்கணக்கில் கழன்று மூலையில் கிடந்தது. மாட்டித் தரச் சொல்லி வெர்டெல் கேட்டபோதெல்லாம் ராய்ஸ், "பாத்துக்கலாம் தம்பி, நீ கையைப் பாத்துக்கோ" என்றார். அன்று வெர்டெல் கையைப் பார்க்கவில்லை. வரிசையில் நின்ற ஒருத்தியின் புதுத் தொப்பியைப் பார்த்தான்.

உறைந்த பட்டாணிப் பைக்குள் இரண்டு விரலையும் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, அவனையும் பக்கத்தில் உட்காரவைத்து, மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டியவள் நெல்டா. ஒட்டவைக்க முடியாது என்றார்கள். மறுநாள் ராய்ஸ் பீக்ளர் வீட்டுக்கு வந்து, கண் கலங்கி, "நாமெல்லாம் ஒரே சபை, ஒரே குடும்பம். வக்கீல் அது இதுன்னு நமக்குள்ள எதுக்கு?" என்றார். போகும்போது மேசைமேல் ஒரு பன்றித்தொடையை வைத்துவிட்டுப் போனார். நெல்டா புரட்டிப் பார்த்தாள். பாதி சீவின தொடை அது.

கை தேறின பிறகு ராய்ஸின் கடையில் வெர்டெலுக்கு வேலை இல்லை. பெட்ரோல் பங்க் வாசலில் அவித்த நிலக்கடலை விற்றுக்கொண்டிருந்தான். ஒருநாள் ஓஹாயோவிலிருந்து வந்த ஒரு பெண்மணி கடலையை வாங்கிக்கொண்டு, அவன் கையைப் பார்த்து, நெஞ்சில் கைவைத்து, "ஐயோ! முதலையா?" என்று கேட்டாள். அன்று மத்தியானம் அவனுக்குப் பெரிய சாப்பாடு வாங்கிக் கொடுத்தாள். அவனோடு படம் எடுத்துக்கொண்டாள்.

"நான் பொய் சொல்லலை நெல்டா," என்றான் அன்று வீட்டில். "தலையை ஆட்டினேன், அவ்வளவுதான்."

"ஆட்டத்தான் அதைக் கழுத்துமேல வச்சிருக்கே," என்றாள் நெல்டா.

தலையாட்டலில் பிறந்த குழந்தை மளமளவென்று வளர்ந்தது. முதல் கோடையில் மூப்பர் எட்டடி. அடுத்த கோடையில் பன்னிரண்டு. முதலில் தூண்டில் போடும்போது எட்டிக் கடித்தது. பிறகு படகைக் கவிழ்த்தது. பிறகு தண்ணீரில் விழுந்த ஒரு சிறு பெண்ணைக் காப்பாற்றப் போன இடத்தில் கடித்தது. அந்தச் சிறு பெண் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கும் ஒரு பெயர் பிறந்திருக்கும்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. ராய்ஸ் பீக்ளர் இதற்குள் மேயராகியிருந்தார். நெடுஞ்சாலை ஓரத்தில் மூன்று விரல் மட்டும் உள்ள ஒரு பெரிய கையை வரைந்து, 'கை கொடுத்து வரவேற்கிறோம்' என்று எழுதி வைத்தார். ஃபே தன் கடைத் தாழ்வாரத்தில் வெர்டெலுக்கு ஆடும் நாற்காலி போட்டுக் கொடுத்து, மீனைக் குச்சி குச்சியாக வெட்டிப் பொரித்து 'வெர்டெல் விரல்' என்று விற்றாள். போதகர் பெரிய ஜந்துவின் வாயிலிருந்து மீண்டவர்கள் வரிசையில் யோனாவுக்கு அடுத்தபடியாக வெர்டெலை வைத்துப் பிரசங்கித்தார். அவரும் அந்த ஈஸ்டருக்கு ராய்ஸ் கடையில் பன்றித்தொடை வாங்கியவர்தான். வசந்தம்தோறும் மூப்பர் விழா என்று ஒன்று தொடங்கியது. வெர்டெலுக்கு ஒரு தோல் தொப்பியும், அதைச் சுற்றிக் கட்ட முதலைப் பல் மாலையும் கொடுத்தார்கள். பல் பிளாஸ்டிக்.

ராய்ஸுக்கு இந்தக் கதைமேல் ஏன் இவ்வளவு பாசம் என்பது நெல்டாவுக்குத் தெரியும். முதலை கடித்ததற்கு யாரும் மளிகைக்கடைக்காரன்மேல் வழக்குப் போட முடியாது.

அடுப்படிக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே தட்டு நீட்டுகிற ஒரு ஜன்னல் உண்டு. அது வழியாகக் கதை தினமும் உள்ளே வரும். "பிடிச்சுது பாருங்க ஒரு பிடி!" என்கிற இடத்தில் நெல்டா மீனைத் திருப்பிப் போடுவாள், பக்குவம் சரியாக இருக்கும். சில பெண்கள் ஜன்னலில் தலையை நீட்டி, "நீங்க எவ்வளவு பயந்திருப்பீங்க!" என்று உருகுவார்கள்.

"இப்பவும் பயமாத்தான் இருக்கு மேடம்," என்பாள் நெல்டா. "இன்னும் எவ்வளவு வளரும்னு."

அவள் முதலையைச் சொல்கிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டு போவார்கள்.

அந்த வருஷ விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், வனவிலங்குத் துறையின் பச்சை வண்டி கடை வாசலில் வந்து நின்றது. இறங்கியவர் டாரில் மிக்ஸன் என்கிற அதிகாரி. தேய்த்த சட்டை, தேய்த்த முகம். அட்லாண்டாவிலிருந்து வந்துபோன ஓய்வுபெற்ற கனவான் ஒருவர் வெர்டெலின் கதையைக் கேட்டு ராத்தூக்கம் கெட்டு, துறைக்குத் தொலைபேசியில் புகார் செய்திருந்தார்: மனிதனைக் கடித்த முதலை, குழந்தைகள் ரொட்டி வீசுகிற தூரத்தில், சுதந்திரமாக உலவுகிறது.

"மனுசனைக் கடிச்சதை விட்டுவைக்க விதியில இடமில்லை சார்," என்றார் மிக்ஸன். "சனிக்கிழமை பிடிக்கிற ஆள் வருவார். நீங்க வந்து இதுதான்னு காட்டிட்டாப் போதும்."

வெர்டெலின் ஆடும் நாற்காலி நின்றது. "பிடிச்சு... வேற சதுப்புல விட்டுருவீங்களா?"

"இல்ல சார். முடிச்சுருவோம்."

மேயர் ராய்ஸுக்குச் செய்தி எட்டினதும் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். வருத்தப்பட ஓடி வந்தவரில்லை. "விழா அன்னைக்கேவா! கூட்டம் அள்ளும் வெர்டெல்! அப்புறம் பஞ்சு அடைச்சு நகர மண்டபத்துல வச்சுரலாம். உயிரோட கிடந்தா என்னைக்காவது எழுந்து போயிரும். பஞ்சு அடைச்சது எங்க போகும்?"

ஃபே ஜன்னல் வழியாக நெல்டாவைப் பார்த்தாள். நெல்டா மாவில் கையை வைத்தபடி நின்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் வெர்டெல் சோளரொட்டியைத் தொடவில்லை. தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"போய்ச் சொல்லிரு," என்றாள் நெல்டா.

"என்னன்னு?"

"பன்னித்தொடைன்னு."

"சொன்னா நான் என்ன ஆவேன்?"

"வெர்டெல் சிர்மன்ஸ் ஆவ."

"அது யாருக்கு வேணும் நெல்டா?" என்றான் அவன்.

அவளே அந்தக் கேள்வியை அவனைப் பற்றி எத்தனையோ தரம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆனால் அவன் வாயால் அதைக் கேட்பது இதுதான் முதல் தரம். தட்டை எடுத்து மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சனிக்கிழமை படகுத்துறை கொள்ளாத கூட்டம். வாத்தியக்குழு ஒருபக்கம், பலூன் ஒருபக்கம், நான்கு மாநிலத்து வண்டிகள். மணல்மேட்டில் மூப்பர் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. முதலை பிடிக்கிறவர் தடித்த கயிறும் துப்பாக்கியுமாகத் தட்டைப்படகில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த 'வெர்டெல் விரலை' மென்றுகொண்டிருந்தார். மேயர் மேடையேறி வீரம், தியாகம், சுற்றுலா மூன்றையும் பற்றிப் பேசினார். மூன்றாவதைப் பற்றித்தான் அதிகம். பிறகு வெர்டெலை மேடைக்கு அழைத்தார்.

அதிகாரி மிக்ஸன் கேட்டார்: "சார், உங்களைக் கடிச்சது இதுதானா?"

வெர்டெல் தொண்டையைச் செருமினான். ஒலிபெருக்கி அதையும் ஊருக்கெல்லாம் சொன்னது. "பாக்க அது மாதிரிதான் இருக்கு. ஆனா அது இல்ல. இது அதோட தம்பி."

கூட்டம் சிரித்தது. மிக்ஸன் சிரிக்கவில்லை. "போன வாரம்வரைக்கும் இதைத்தானே காட்டினீங்க?"

"காட்டினேன். அது வந்து... தப்பு என்மேல சார். அது தூங்கிக்கிட்டு இருந்துச்சு. நான்தான் வாய்க்குள்ள கையை விட்டேன்."

"எதுக்கு?"

"பல்லுல ஏதோ சிக்கியிருந்துச்சு."

கூட்டத்தில் ஒரு பெண் தேம்பினாள். "பாருங்க, எவ்வளவு நல்ல மனசு!" என்றாள். கைதட்டல் எழுந்தது. வெர்டெல் பொய்யை மாற்ற மாற்ற அவன் பெருமை ஏறிக்கொண்டே போனது. மூப்பரின் ஆயுள் குறைந்துகொண்டே வந்தது. கடித்தது என்பதை மட்டும் அவனால் வாயிலிருந்து எடுக்க முடியவில்லை. பிடிக்கிறவர் கையைத் துடைத்துக்கொண்டு துடுப்பை எடுத்தார்.

துறையோரம் ஃபே போட்டிருந்த மீன் கடையில் நெல்டா அடுப்பை அணைத்தாள். சமையல் மேலங்கியோடு, முழங்கைவரை மாவோடு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையேறினாள். வெர்டெலின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். அவன் இழுத்துப் பிடிக்கவில்லை.

"இந்த முதலை என் புருசனைக் கடிக்கலை," என்றாள். "பீக்ளர் கடையில பன்னித்தொடை சீவுற மிஷின்ல விரல் போச்சு. அந்த மிஷின்ல காப்புத் தகடு கிடையாது. கேட்டும் மாட்டித் தரலை."

பின்வரிசையிலிருந்து ஒருவன், "ஊ!" என்று கத்தினான். பலரும் சேர்ந்துகொண்டார்கள். ஆயிரம் மைல் ஓட்டிவந்தவர்களிடம் பன்றித்தொடை என்று சொன்னால் எப்படி இருக்கும்?

மேயர் இனிக்க இனிக்கச் சிரித்தார். "மிஸ் நெல்டாவுக்கு அடுப்புச் சூடு தலைக்கேறியிருக்கு. யாராவது கொஞ்சம் ஐஸ் டீ குடுங்கப்பா."

"ராய்ஸ்," என்றாள் நெல்டா, "அந்தத் தொடையில பாதியை எங்க வீட்டுல வச்சுட்டுப் போனீங்க. மீதிப் பாதியை யார் யாருக்கு வித்தீங்க? அந்த ஈஸ்டருக்கு எந்த வீட்டு மேசையில என் புருசன் பரிமாறப்பட்டான்னு கர்த்தருக்குத்தான் வெளிச்சம்."

போதகர் தன் காலணியைக் குனிந்து பார்த்தார். முன்வரிசையில் இருந்த ஊர்க்காரர்கள் பலருக்கும் திடீரென்று காலணியில் வேலை வந்துவிட்டது.

"சாட்சி யாராவது உண்டா?" என்றார் மிக்ஸன்.

மீன் கடைப் பக்கத்திலிருந்து ஃபே டவுலிங்கின் குரல் வந்தது. "நான் வரிசையில நின்னேன். என் தொப்பியைப் பாத்துக்கிட்டே விரலைச் சீவிக்கிட்டான்." ஃபே இதைச் சொன்னது உண்மைமேல் இருந்த பற்றினால் அல்ல. இத்தனை வருஷம் விழாவில் அவள் ஒருத்திதான் மீன் விற்றாள். இந்த வருஷம் மேயர் தன் மைத்துனனுக்கும் பக்கத்திலேயே கடை போடக் கொடுத்திருந்தார்.

மிக்ஸன் மேயரைப் பார்த்தார். "இறைச்சி மிஷின் எங்க துறையில வராது சார்," என்றார், உண்மையாகவே வருத்தப்படுகிறவரைப் போல. பிறகு நெல்டாவிடம் திரும்பினார். "மேடம், ஒண்ணே ஒண்ணு. இந்த முதலை வேற எதையாவது எப்பவாவது தொட்டிருக்கா? வளர்ப்பு மிருகம் ஏதாவது?"

நெல்டா மணல்மேட்டைப் பார்த்தாள்.

அவளிடம் பட்டன் என்று ஒரு குட்டை நாய் இருந்தது. பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். வெர்டெல் தாழ்வாரத்தில் பேசப் பேச, வீட்டில் நெல்டா பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஜீவன் அது. மூன்று கோடைக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் அவள் மீன் கழுவின தண்ணீரைத் துறையில் கொட்டப் போனபோது பட்டன் முன்னால் ஓடியது. குனிந்து நக்கியது. தண்ணீர் ஒருமுறை புரண்டது. அவள் வாளியைக் கீழே வைப்பதற்குள் வட்ட வட்டமாக அலைதான் மிச்சம். அதன்பின் தினமும் கழுவின தண்ணீரைக் கொட்டும்போது மூப்பரைப் பார்த்து, சபையில் சொல்ல முடியாத வார்த்தை ஒன்றைச் சொல்வாள். அது கண்ணை மூடிக்கொண்டே கேட்டுக்கொள்ளும். வெர்டெலிடம் மட்டும் நாய் ஓடிப்போய்விட்டது என்று சொல்லியிருந்தாள். உண்மையைச் சொன்னால் மறுநாளே பட்டன் தாழ்வாரத்துக் கதையில் ஓநாயாகியிருக்கும்.

"இல்ல சார்," என்றாள் நெல்டா. "பரம சாது."

மிக்ஸன் தலையை ஆட்டினார். பிடிக்கிறவர் கயிற்றைச் சுருட்டினார். அவருக்குத்தான் ஏமாற்றம், ஃபே இன்னொரு தட்டு மீன் கொடுத்து அனுப்பினாள். மூப்பர் எழுந்திருக்கவே இல்லை.

அந்த வாரம் முழுக்க ஊரில் ஒருவரும் நெல்டாவோடு பேசவில்லை. பெட்ரோல் பங்கில் அவளுக்கு மட்டும் எண்ணெய் தீர்ந்திருந்தது. சபையில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் அவளைத் தவிர அனைவருக்கும் இருமல் வந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். வெர்டெல் தன் வண்டிக்குள்ளேயே படுத்தான். தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டான். பல் மாலை எங்கே போனது என்று தெரியவில்லை.

பிறகுதான் விஷயம் தெரிந்தது: வருகிறவர்கள் குறையவில்லை, கூடினார்கள். பொய்க் குற்றம் சாட்டப்பட்டுச் சாவின் விளிம்பிலிருந்து மீண்ட முதலையைப் பார்க்கப் பேருந்து பேருந்தாக வந்தார்கள். மேயர் நெடுஞ்சாலைப் பலகையில் கையை அழித்துவிட்டுக் கண்மூடிய முதலையை வரைந்தார். அடியில் 'நிரபராதி' என்று பெரிதாக எழுதினார். விழாவுக்கு நீதி விழா என்று பெயர் மாற்றினார். அடுத்த தேர்தலில் இன்னும் அதிக வாக்கு வாங்கினார். பக்கத்து நகரமான வேகிராஸிலிருந்து ஒரு வக்கீல் வந்து அவர் கடையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தபின், இறைச்சி மிஷினுக்குத் தகடு வந்தது. நீதி விழாவில் கிடைத்த நீதி அது ஒன்றுதான். போதகர் நெல்டாவை, ராஜா முன்னால் துணிந்து பேசித் தன் ஜனத்தைக் காப்பாற்றிய எஸ்தரோடு ஒப்பிட்டார். இருமியவர்கள் குணமாகிப் பழைய பெஞ்சுக்குத் திரும்பினார்கள். தாழ்வாரத்து நாற்காலியில் உட்காரச் சொல்லி ஃபேயும் மேயரும் மாறி மாறி அவளைக் கேட்டார்கள்.

"எனக்கு ரெண்டு கையிலயும் விரல் முழுசா இருக்கு," என்றாள் நெல்டா. "வேலை செய்யணும்."

வெர்டெல் பழையபடி பெட்ரோல் பங்க் வாசலில் கடலை அவித்தான். கடலை வாங்குகிறவர்கள் கையைப் பார்த்துக் கேட்டால், "பன்னித்தொடை" என்றான். அவர்கள் சில்லறையை வாங்கிக்கொண்டு நடந்தார்கள். ஒருநாள் வண்டியை விட்டு வீட்டுக்குள் வந்து படுத்தான். ஏன் வந்தாய் என்று நெல்டா கேட்கவில்லை. போர்வையை அவன் பக்கம் தள்ளினாள்.

ஃபேயின் கடை திங்கட்கிழமை திறப்பதில்லை. இலையுதிர்காலத்தில் ஒரு திங்களன்று நெல்டா படகுத்துறையில் ஒரு தட்டைப்படகை வாடகைக்கு எடுத்தாள். "ஏறு," என்றாள்.

வெர்டெல் ஏறவில்லை. சதுப்பைப் பற்றி இத்தனை வருஷம் பேசியவன் அதற்குள் ஒரு தடவைகூடப் போனதில்லை என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. அவனுக்கு நீச்சல் தெரியாது. பாம்பு என்ற பெயரைக் கேட்டாலே காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்வான்.

"எல்லாரும் பாக்குறாங்க, ஏறு," என்றாள். அதற்கு ஏறினான். பார்க்கிறார்கள் என்றால் அவன் எதற்கும் ஏறுவான்.

நெல்டா துடுப்புப் போட்டாள். சைப்ரஸ் மரங்களிலிருந்து நரைத்த பாசி சடை சடையாகத் தொங்கியது. ஒரு வளைவில் நீர்நாய்கள் மூன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சுவாரஸ்யமில்லை என்று முழுகின. கொக்குகள் கூட்டமாக எழுந்தபோது வானம் படபடத்தது. எங்கோ ஆழத்தில் ஒரு முதலை உறுமியது. படகின் பலகை அதிர்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து வெர்டெல் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசாமல் இருந்து நெல்டா கண்டதில்லை. அவளுக்கு அது கொக்கைவிடப் பெரிய காட்சியாக இருந்தது.

கரைக்குத் திரும்பியபோது தூரநோக்கியோடு ஒரு வெளியூர்த் தம்பதி காத்திருந்தார்கள். அந்த மனிதர் ஆவலாக, "எப்படி இருந்துச்சு உள்ள? என்னென்ன பாத்தீங்க?" என்று கேட்டார்.

வெர்டெல் வாயைத் திறந்தான். நெல்டா கயிற்றைக் கட்டுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

"தெரியலைங்க," என்றான் அவன். "கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன்."